அரை நூல் பிசகு

தங்கை மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று தெரிந்ததும், ஒரு குவில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைத்துக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை என்று இருபது வருடமாகத் தைக்கிறவள் நான். நேர்ப் பட்டைகளை வரிசையாகச் சேர்த்துத் தைப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியில் ஐந்து நிறத்தில் பாப்ளின் வாங்கினேன். இரண்டரை இஞ்ச் அகலத்தில் 20 பட்டைகள். இரண்டு பக்கமும் கால் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் 2 இஞ்ச் நிற்கும். மொத்தம் 40 இஞ்ச், வெளி ஓரங்களுக்கு விட்டதையும் சேர்த்தால் நாற்பதரை. இவ்வளவுதான் கணக்கு.

தைத்து முடித்துக் கட்டிலில் விரித்தேன். ஒரு முனையில் 41 இஞ்சைத் தாண்டியிருந்தது, மறு முனையில் 40 கூட இல்லை. அதையாவது ஓரத்தைச் சீவிச் சரிசெய்துவிடலாம். நடுவில் ஒரு தொப்பை விழுந்திருந்தது. கையால் அமுக்கினால் அந்தப் பக்கம் போய் எழும்பும், அங்கே அமுக்கினால் இங்கே வரும். அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்தியும் பார்த்தேன். சுருக்கம் விழுந்ததுதான் மிச்சம்.

எங்கள் தெரு முனையில் ஒரு அண்ணா தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூட யூனிஃபார்ம், பேண்ட், சட்டை என்று நாற்பது வருட அனுபவம். குவில்ட் என்ற சொல்லே அவருக்குப் புதிது. "பட்டி மிச்சம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். பையிலிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வெட்டுப் பலகையில் அதை நீளமாக விரித்து, இரும்பு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தார். பாதி தூரம் ஸ்கேலோடு ஒட்டிப் போன பட்டை, நடுவில் திரும்பி விலகிப் போனது. வாழைப்பழம் மாதிரி வளைவுகூட இல்லை, முழங்கை மடங்கின மாதிரி.

"கத்திரியக் குத்தம் சொல்லாதீங்க அம்மிணி. துணியக் கோணையா மடிச்சு வெட்டியிருக்கறீங்க."

அதுதான் விஷயம். 44 இஞ்ச் அகலத் துணியை அப்படியே விரித்து வெட்ட இடம் போதாது என்று இரண்டாக மடித்துத்தான் எல்லோரும் வெட்டுகிறோம். வெட்டு, மடிப்புக்குச் சரியாக நேர்க்குத்தாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலும் மடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிகிரி சாயும், விரித்தால் நடுவில் இரண்டு டிகிரி முறிவு. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 21 இஞ்ச் நீளக் கைக்கு அந்த இரண்டு டிகிரி, நுனியில் கிட்டத்தட்ட முக்கால் இஞ்ச் விலகல். நாலாக மடித்து வெட்டினால் முறிவு மூன்று இடத்தில். நான் நிறம் மாற்றி மாற்றி அடுக்கும்போது சில பட்டைகளைத் தலைகீழாகத் திருப்பியிருந்தேன். ஒன்று சிரித்தது, பக்கத்தில் இருந்தது உம்மென்று இருந்தது. இரண்டையும் இழுத்துப் பிடித்து ஒட்டித் தைத்ததில் வந்த தொப்பைதான் அது.

மடிப்பது எப்படி என்று அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். கடையில் வெட்டிக் கொடுத்த முனைகளை நாம் ஒன்றோடொன்று பொருத்துவோம், நான் செய்த முதல் தப்பு அது. அந்த முனை நேராக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பொருத்த வேண்டியது தறியிலேயே முடிந்து வரும் கெட்டியான கரையை. இரண்டு கரைகளையும் சேர்த்துப் பிடித்துத் துணியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிட வேண்டும். கீழே மடிப்பில் சாய்வாக ஒரு அலை ஓடும். ஒரு கரையை மட்டும் இடமோ வலமோ கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் ஒரு கட்டத்தில் அந்த அலை சட்டென்று மறைந்து, மடிப்பு நூல் பிடித்த மாதிரி தொங்கும். அந்த நிலையிலேயே மேசையில் படுக்க வைக்க வேண்டும். வெட்டின முனைகள் இரண்டும் ஒரு இஞ்ச் விலகி நிற்கலாம். நிற்கட்டும், அது வெட்டிப் போகப் போகிற பகுதி.

சில துணி அப்படியும் அடங்காது. தறியிலிருந்து வந்து, சாயம் போட்டு, உருளையில் ஓடி வரும்போது குறுக்கே ஓடும் ஊடை நூல் சாய்ந்து போயிருக்கும். அண்ணா ஒரு மூலையை என்னிடம் கொடுத்து, எதிர் மூலையை அவர் பிடித்துக்கொண்டார். "இழுங்க." இழுத்தேன். "சோறு தின்னீங்களா இல்லீங்களா, நல்லா இழுங்க." மூன்று தடவை கிராஸாக இழுத்துவிட்டுத் திரும்ப மடித்தபோது அலையைக் காணோம்.

ஊடை எப்படிப் போகிறது என்று பார்க்க இன்னொரு வழி நம் கடைக்காரர்களே காட்டுவது. ஓரத்தில் கத்திரியால் ஒரு கொத்து வைத்து, 'சர்ர்ர்' என்று கிழித்துக் கொடுப்பார்கள் இல்லையா? சாதாப் பருத்தித் துணி ஊடை நூலை ஒட்டியே கிழியும். அளந்து வெட்டுகிற கடையைவிடக் கிழித்துக் கொடுக்கிற கடையை இப்போது தேடிப் போகிறேன். அப்படியானால் பட்டைகளையே கிழித்துவிடலாமே என்று தோன்றும். செய்து பார்த்தேன். பட்டை நேராகத்தான் வருகிறது, ஆனால் ஓரம் இழுபட்டு அலை அலையாகி, நூல் பிரிந்து பிசிறு தட்டிவிடுகிறது. கால் இஞ்ச் தையலில் அந்தப் பிசிறு போய்விட்டால் எதை அளந்து தைப்பது? முதல் ஓரத்தை நேராக்கக் கிழிப்பது சரி. பட்டைக்குக் கத்திதான்.

பிரிண்ட் கட்டத்தை நம்ப வேண்டாம். அச்சு துணிமேல் சாய்ந்து விழுந்திருந்தால், நூலை ஒட்டி வெட்டினால் கட்டம் கோணும், கட்டத்தை ஒட்டி வெட்டினால் நூல் கோணும். லுங்கித் துணி அப்படியல்ல. கட்டமே நூலில் நெய்தது. பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல கிராஃப் பேப்பர் கிடையாது. நான் பழகினது என் வீட்டுக்காரரின் பழைய நீலக்கட்ட லுங்கியில்தான். அவரிடம் அனுமதி கேட்டது வெட்டின பிறகு.

இனி கருவிகள். வட்டக் கத்தி, அதாவது ரோட்டரி கட்டர். சோமாஸ் ஓரம் வெட்டும் உருளைக் கரண்டியைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே வடிவம், ஆனால் ஷேவிங் பிளேடு கூர்மை. ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் இதைக் கொண்டு வந்தது. அதே நிறுவனம்தான் முனையை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பேப்பர் கத்தியையும் செய்தது, ஓல்ஃபா என்பதே ஜப்பானிய மொழியில் 'ஒடிக்கும் கத்தி' என்ற பொருளில் வந்த பெயர். குவில்ட் தைக்கிறவர்கள் வட்டக் கத்தியை எடுத்துக்கொண்ட பிறகு, அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, கத்திரியால் ஒவ்வொன்றாக வெட்டுகிற வேலை பாதிக்கு மேல் குறைந்துபோனது. கத்திரி வெட்டும்போது அதன் கீழ் அலகு துணியைத் தூக்குகிறது, அடுக்கு நழுவுகிறது. உருளை தூக்குவதில்லை. சாக்குக் கோடும் வேண்டாம். அந்தக் கோட்டின் தடிமனே அரை நூல் இருக்கும். தச்சர்களும் தையல்காரர்களும் சொல்கிற நூல், இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. பட்டைக்கு அரை நூல் வீதம் 20 பட்டைக்குப் பார்த்தால் ஒன்றே கால் இஞ்ச்! என் 41 இஞ்ச் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

45 மில்லிமீட்டர் கத்தி பொதுவான வேலைக்குப் போதும். 60 மில்லிமீட்டர் தடித்த அடுக்குக்கு, 28 வளைவுக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 45. அடுக்கு நாலுக்கு மேல் போக வேண்டாம். ஆறும் எட்டும் வெட்டும் என்பார்கள், வெட்டும்தான், அடி அடுக்கு மேல் அடுக்கின் அளவில் இருக்காது.

ஸ்கேல் விஷயத்தில் நான் சிக்கனம் பிடித்து மாட்டிக்கொண்டேன். ஆறுக்கு இருபத்துநாலு இஞ்ச் அக்ரிலிக் ஸ்கேல் வெளியில் வாங்கினால் விலை கூடுதல் என்று, பெயர்ப்பலகை செய்யும் கடை ஒன்றில் 3 மில்லிமீட்டர் ஷீட்டில் அளவு சொல்லிக் கோடு போட்டு வாங்கினேன். அழகாகத்தான் வந்தது. வெட்டினால் ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு அளவு. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு பிடிபட்டது: கோடு ஸ்கேலின் மேல் முகத்தில் இருக்கிறது, துணி 3 மில்லிமீட்டர் கீழே. தலையை இடப்பக்கம் சாய்த்தால் கோடு ஒரு இடத்தில், வலப்பக்கம் சாய்த்தால் வேறு இடத்தில். பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் படித்ததுதான். குவில்ட் ஸ்கேல்களில் கோடு அடி முகத்தில் அச்சாகியிருக்கும், துணியை ஒட்டியே இருக்கும். என்னுடையதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக வந்தது, எண்கள் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிட்டன. மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். அப்புறம் நல்லதாக ஒன்று வாங்கிவிட்டேன்.

ஒரு குவில்டுக்கு ஒரே ஸ்கேல். பாதியை இதிலும் பாதியை அதிலும் அளக்க வேண்டாம், இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டிலும் கட்டம் போட்டிருக்கும். அது துணியை நேராக வைப்பதற்கு, பட்டையின் அகலத்தை அளப்பதற்கு அல்ல. அகலம் ஸ்கேலில் மட்டும்தான் பார்க்க வேண்டும். இரண்டரை இஞ்ச் கோடு துணி ஓரத்தின் மேல் உட்கார வேண்டும், ஓரத்துக்கு வெளியே எட்டி நிற்கக் கூடாது. கோட்டுக்கும் ஒரு அகலம் உண்டு, ஒவ்வொரு பட்டைக்கும் அதன் ஒரே பக்கத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஸ்கேல் நழுவாமல் இருக்க, மருந்துக் கடையில் கிடைக்கும் காகித டேப்பை, காயத்துக்குப் பஞ்சு வைத்து ஒட்டுவார்களே அதை, அடிப்பக்கம் நாலு துண்டு ஒட்டியிருக்கிறேன். பூப்போல சொரசொரப்பு, துணியை இழுக்காது.

எங்கே வைத்து வெட்டுவது? தரையில் உட்கார்ந்து வெட்டினேன், முதுகு போனது. சாப்பாட்டு மேசையில் வெட்டினேன், மேசை ஆடியது. கடைசியில் ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, சமையல் மேடையைத் துடைத்துக் காயவிட்டு அதன் மேல் மேட்டை விரித்தேன். கிரானைட்டைப் போல மட்டமான இடம் வீட்டில் வேறு எது? உயரமும் நின்று வேலை செய்ய அமைந்தது. நின்றபடி, தோளிலிருந்து பலத்தை இறக்கி வெட்டினால் மணிக்கட்டு வலிப்பதில்லை. ஃபேனை நிறுத்திவிட வேண்டும், மேல் அடுக்கு பறக்கும். கோடையில் அதுதான் கொடுமை.

இடது கை ஸ்கேலின் மேல் சிலந்தி மாதிரி விரல் விரித்து நிற்க வேண்டும், எந்த விரலும் ஓரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. 24 இஞ்ச் நீளத்தையும் கையை ஒரே இடத்தில் வைத்து வெட்டினால், தூர முனை கத்தி பட்டு நகரும். பாதி வரை வெட்டிவிட்டுக் கத்தியைத் துணியிலேயே நிறுத்தி, இடது கையை மட்டும் விரல் விரலாக மேலே நகர்த்தி, மீண்டும் அழுத்திப் பிடித்து மிச்சத்தை வெட்ட வேண்டும். எப்போதும் உடம்பை விட்டு வெளியே போகிற திசையில்தான் கத்தி ஓட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடியைப் போட வேண்டும், ஒரு நொடி வைக்கிறோம் என்றாலும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கட்டைவிரல் எட்டிப் பார்த்ததால் தெரியும். வலியே இல்லை. துணியில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது, பூப் பிரிண்ட் என்று நினைத்தேன். பிரிண்ட் பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டு தையல், ஒரு டி.டி. ஊசி. "தைக்கிறவங்களுக்கே தையலா?" என்று டாக்டர் சிரித்தார். துணியைப் பச்சைத் தண்ணீரில் உடனே அலசியதால் கறை போய்விட்டது. சுடுதண்ணீரில் போட்டிருந்தால் நிரந்தரமாகியிருக்கும்.

வெட்டும்போது சில நூல்கள் வெட்டுப்படாமல் தொக்கி நிற்கும். எல்லா இடத்திலும் தொக்கினால் கத்தி மழுங்கிவிட்டது. ஒரே சீரான இடைவெளியில், அதாவது ஐந்தரை இஞ்சுக்கு ஒன்று என்று தொக்கினால் கத்தியின் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் கொத்துப் பட்டிருக்கிறது. 45 மில்லிமீட்டர் வட்டத்தின் சுற்றளவு 141 மில்லிமீட்டர், ஐந்தரை இஞ்சுக்குச் சற்று மேல். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கொத்து ஒரு முறை துணியைத் தொடுகிறது. குண்டூசி மேல் ஏற்றினால் இப்படி ஆகும். நான் ஏற்றியிருக்கிறேன். பழைய கத்தியை அப்படியே குப்பையில் போடாதீர்கள், அள்ளுகிறவர்கள் கை நம் கை மாதிரிதான். காலி மாத்திரை டப்பாவில் சேர்த்து, டேப் சுற்றி, மேலே எழுதிப் போடுகிறேன்.

கட்டிங் மேட்டுக்கு வெயில் ஆகாது. மே மாதம் மேற்கு ஜன்னலோரம் சாய்த்து வைத்தேன், இரண்டே நாளில் அப்பளம் மாதிரி வளைந்தது. அதன் மேல் அயர்ன் பண்ணுவதும் சூடான காபி டம்ளரை வைப்பதும் அதே கதைதான். படுக்கையாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தால் நெடுநாள் வரும்.

கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புதுத் துணியை முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், சாயம் போனால் இப்போதே போகட்டும். அப்புறம் தளர்ந்து துவண்டு கிடக்கும். அந்தத் துணியில் ஸ்கேலை வைத்தாலே ஒரு பக்கம் சுருண்டு ஓடும். வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்க ஆக்கி முக்கி எடுத்துக் காயவைத்து, இலேசாகத் தண்ணீர் தெளித்து அயர்ன் பண்ணினால், கதர் வேட்டி மாதிரி விறைத்து நிற்கும். வெட்டு காகிதம் வெட்டின மாதிரி இருக்கும். அயர்ன் பாக்ஸைத் துணியின் மேல் இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் கஷ்டப்பட்டு நேராக்கின நூல் மறுபடியும் சாயும். ஒன்று மட்டும் கவனம்: கஞ்சி போட்ட பட்டைகளை மாதக் கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள். கரப்பான் முதலில் கண்டுபிடிக்கும். வெட்டினதைத் தைத்துவிட வேண்டும், தைத்து முடித்ததை அலசிவிட வேண்டும்.

பட்டை சரியாக இருந்தும் குவில்ட் அளவு வராவிட்டால் தப்பு தையலில் இருக்கிறது. கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். ஆனால் தையலில் துணி மடங்கித் திரும்பும்போது அந்தத் திருப்பமே ஓரிரு இழை அகலத்தைத் தின்றுவிடும். ஆகையால் இரண்டு நூலைவிட ஓரிரு இழை குறைவாகத் தைக்க வேண்டும். சோதனை எளிது. ஒன்றரை இஞ்ச் பட்டை மூன்றை அருகருகே தைத்து அயர்ன் பண்ணி அளந்து பாருங்கள். மொத்தம் மூன்றரை இஞ்ச், நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அகலமாகிவிட்டது. என் பழைய கருப்பு மிஷினில் பாதத்தின் ஓரத்தை நம்பித் தைத்தால் கால் இஞ்சைத் தாண்டிவிடுகிறது. ஊசியிலிருந்து ஸ்கேலால் அளந்து, தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஏழெட்டு அடுக்கு ஒட்டி ஒரு சுவர் எழுப்பியிருக்கிறேன். துணி அதில் உரசிக்கொண்டு போகும்.

துணி வாங்குவது மீட்டரில், வெட்டுவது இஞ்சில். ஒரு மீட்டர் 39 இஞ்சும் கொஞ்சமும். இரண்டரை இஞ்ச் பட்டை 15 எடுத்தால் முப்பத்தேழரை. மிச்சம் ஒன்றே முக்கால் இஞ்ச் சொச்சம் முனையை நேராக்க. முனை ரொம்பக் கோணலாக இருந்தால் 14தான் வரும் என்று வைத்துக்கொண்டு வாங்கினால் திரும்பவும் கடைக்கு ஓட வேண்டாம், அதே சாயம் மறுபடி கிடைப்பது அதிர்ஷ்டம். சுற்றிவர வரும் பார்டர் பட்டையை மட்டும் கரைக்கு இணையாக, பாவு நூல் போக்கில் வெட்டுவேன். பாவு விறைப்பு, ஊடை கொஞ்சம் கொடுக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். பாவில் 'டக்' என்று கேட்கும், ஊடையில் சத்தம் மந்தமாக இருக்கும்.

இவ்வளவு அளவும் கணக்கும் இல்லாமலே அற்புதமான போர்வை தைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி மக்களின் கவந்தி என்ற போர்வை அப்படி. பழைய துணித் துண்டுகளை வெளி ஓரத்திலிருந்து மடித்து மடித்து, கைத்தையலால் உள்நோக்கிச் சுற்றிக்கொண்டே நடுவில் வந்து முடிப்பார்கள். அங்கே ஸ்கேலுக்கு வேலையில்லை. ஒவ்வொரு துண்டும் முன்னால் வைத்த துண்டைப் பார்த்து உட்காருகிறது. நேர்ப் பட்டைக் குவில்டில் அந்தச் சலுகை கிடையாது. ஒன்று கோணினால் அடுத்த பத்தொன்பதும் அதைச் சுமக்கும்.

அதனால்தான் மூன்று நாலு பட்டைக்கு ஒருமுறை நிறுத்தி, ஸ்கேலின் குறுக்குக் கோட்டை மடிப்பின் மேல் வைத்துப் பார்க்கிறேன். கோடு மடிப்போடு ஒட்டி, நீள ஓரமும் துணியின் வெட்டு ஓரத்தோடு ஒட்டினால் தொடரலாம். ஒட்டாவிட்டால் ஒரு நூல் அகலம் சீவி எறிந்துவிட்டு மறுபடி நேராக்க வேண்டும். சீவுகிற துணிக்காக மனசு வலிக்கக் கூடாது. ஐந்தாவது பட்டையை விரித்து அண்ணாவின் முறைப்படி ஸ்கேலோடு ஒட்டிப் பார்ப்பதும் உண்டு. முழங்கை மடங்கியிருந்தால் அங்கேயே நிறுத்தம்.

அந்தக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டாவது குவில்ட் தைத்தேன். அதே 20 பட்டை, அதே அளவு. கட்டிலில் விரித்து மூன்று இடத்தில் அளந்தேன். மேலே நாற்பதரை. நடுவில் நாற்பதரை. கீழே ஒரு நூல் குறைவு. எந்தப் பட்டை என்று தெரியும். கேஸ் சிலிண்டர்காரர் மணியடித்தார் என்று பாதியில் போய், திரும்பி வந்து மடிப்பைப் பார்க்காமல் வெட்டினது. நீல நிறம், இடமிருந்து ஆறாவது.